மணலில் குந்திய ஜீப்: சல்லியில் எயார் சஸ்பென்ஷன் கைவிட்டால்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே வந்து, சாம்பல்தீவில் கடல் பக்கம் திரும்பினால் சல்லி. முத்துமாரி அம்மன் கோவில், மீன்பிடி வள்ளங்கள், அப்புறம் மணல். நகரத்துக்கு இவ்வளவு கிட்ட இருப்பதுதான் இந்த இடத்தின் ஆபத்து. வில்பத்துவுக்குப் போகிறவர் கயிறு, மண்வெட்டி, தண்ணீர்க் கான் எல்லாம் ஏற்றிக்கொண்டு போவார். சல்லிக்கு வருகிறவர் பாயும் சாப்பாட்டுப் பாத்திரமும்தான் ஏற்றுகிறார். பின்னேரம் வெளிக்கிடும்போது பார்த்தால் ஜீப்பின் ஒரு மூலை குந்தியிருக்கும், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும்.

இந்த அத்தியாயம் காற்றில் நிற்கும் வாகனங்களுக்கு மட்டும். சுருள் வில்லிலும் பட்டை வில்லிலும் ஓடுபவர்கள் நிம்மதியாக அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம். இலங்கைத் தெருக்களில் நாம் காண்பவை பெரும்பாலும் இவை: 1992இல் எயார் சஸ்பென்ஷனுக்கு மாறிய ரேஞ்ச் ரோவரும் 1994இல் வந்த அதன் பி38 தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும், 2004இல் வந்த டிஸ்கவரி 3, அதன் தம்பி டிஸ்கவரி 4, பின்பக்கம் மட்டும் காற்றில் நிற்கும் சில பிராடோ 120. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்துவிடப்பட்டது. ஆகவே இங்கே ஓடுகிற ‘ஆடம்பர’ ஜீப்புகளில் பல 15 வயதைத் தாண்டியவை. இரும்புக்கு அது பெரிய வயதில்லை. றப்பருக்கு முதுமை.

நுணுக்கங்களுக்குள் போகுமுன் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். குழாயிலோ பலூனிலோ விழுந்த ஓட்டை தாங்கக்கூடிய செலவு. அந்த ஓட்டைக்கு ஈடுகொடுக்க ஓடி ஓடி எரிந்துபோகிற கொம்பிரசர்தான் கையைக் கடிக்கும். வாகனம் குந்தினால் எல்லாரும் அதை எப்படியாவது தூக்கப் பார்க்கிறார்கள். நீங்கள் கொம்பிரசரைக் காப்பாற்றப் பாருங்கள்.

உள்ளே இருப்பது என்ன

நான்கு சில்லுக்கும் நான்கு றப்பர் பலூன். அவற்றுக்குக் காற்றுக் கொடுக்க ஒரு மின் கொம்பிரசர். அது உறிஞ்சும் காற்றின் ஈரத்தைப் பிடிக்க சிலிக்கா மணிகள் நிரப்பிய உலர்த்தி. அவசரத்துக்குக் காற்றைச் சேமித்து வைக்க ஒரு தாங்கி. எந்தப் பலூனுக்கு எவ்வளவு என்று திறந்து மூடும் வால்வுப் பெட்டி. ஒவ்வொரு மூலையும் எந்த உயரத்தில் நிற்கிறது என்று சொல்லும் நான்கு உயர உணரிகள். எல்லாவற்றையும் கேட்டு முடிவெடுக்க ஒரு கணினிப் பெட்டி.

இதில் ஒன்றை மனதில் வையுங்கள். வால்வுகள் மின்சாரம் இல்லாதபோது மூடியே இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்தால் பலூனில் உள்ள காற்று அங்கேயே நிற்கும், கசிவு இருந்தால் அந்தக் கசிவு விடுகிற அளவுக்கு மட்டும் இறங்கும். பின்னால் சொல்லப்போகிற தந்திரங்களில் பாதி இதை நம்பித்தான்.

சல்லி மணல் கொம்பிரசரை எப்படிக் கொல்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். டிஸ்கவரி 3 போன்ற வாகனங்களில் அடிவயிறு மணலில் தட்டி, சில்லுகளில் பாரம் குறைந்தால், கணினி அதைக் கண்டுபிடித்து வழமையான ஓஃப் ரோட் உயரத்துக்கும் மேலே ஒரு படி தூக்கப் பார்க்கும். நல்ல நோக்கம்தான். ஆனால் மே, யூன் மாதத்தில் கச்சான் காற்று சுடச்சுட அடிக்கிற நேரம், ஏற்கெனவே ஒரு பலூன் கசிந்துகொண்டிருக்க, கொம்பிரசர் விடாமல் ஓடும். சூடேறினால் தானாக நிற்கும், ஆறியதும் திரும்ப ஓடும். நாலைந்து தரம் இப்படி நடந்தால் உள்ளே பிஸ்டன் வளையம் தேய்ந்து அழுத்தம் ஏறாமல் போகும். அதற்குப் பிறகு பலூனை மாற்றினாலும் வாகனம் எழும்பாது. புதைந்த வாகனத்தை உயர்த்தும் பொத்தானால் மீட்க முயலாதீர்கள். அடிவயிற்று மணலைக் கையால் தோண்டி எடுங்கள், டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள். சஸ்பென்ஷனை அதன் பாட்டுக்கு விடுங்கள்.

முதல் ஐந்து நிமிடம்

விளக்கு எரிந்ததும் எஞ்சினை நிறுத்துங்கள். ஆனால் நிறுத்தும் இடத்தைப் பாருங்கள். அலை நனைத்த இறுகிய மணலில் நிற்கிறீர்கள் என்றால் முதலில் மேலே, காய்ந்த திடலுக்கோ கோவில் வீதிப் பக்கத்துக்கோ மெல்ல எடுத்துவிடுங்கள். குந்தப்போகிற வாகனத்தை அலை வரும் இடத்தில் வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்ய முடியாது.

எஞ்சின் நின்றதும் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ‘உஸ்’ என்ற சத்தம் கேட்டால் பெரிய கசிவு. எந்த மூலை என்று அப்போதே தெரிந்துவிடும். இன்னொரு சத்தம் இதைவிட முக்கியம். திறப்பை எடுத்த பிறகும் கொம்பிரசர் ‘டர்’ என்று ஓடிக்கொண்டே இருந்தால் அதன் றிலே உள்ளுக்குள் ஒட்டிவிட்டது. யோசிக்காமல் பொனட்டைத் திறந்து றிலேயைப் பிடுங்குங்கள். பிடிபடவில்லையென்றால் பட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். ஒட்டிய றிலே கொம்பிரசரை எரித்துவிட்டுத்தான் ஓயும்.

அடுத்தது பியூஸ். இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. கொம்பிரசர் றிலேயை மட்டும் கழற்றினால் பம் நிற்கும், ஆனால் கணினி விரும்பினால் வால்வைத் திறந்து காற்றை வெளியே விடலாம். சஸ்பென்ஷன் கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பியூஸைக் கழற்றினால் இரண்டுமே நிற்கும், வாகனம் இருக்கிற உயரத்தில் உறைந்துவிடும். எந்த எண் பியூஸ் என்பது மொடலுக்கு மொடல் வேறுபடும். வாகனத்தின் கைநூலில் அதைப் பார்த்து, பியூஸ் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் இன்றைக்கே பெயின்ட் பேனாவால் வட்டம் போட்டுவிடுங்கள். இருட்டில், மணலில், போன் வெளிச்சத்தில் கைநூல் புரட்டுவது சுகமான வேலை இல்லை.

பியூஸ் கைக்கு அகப்படும் வரை ஒரு சின்ன உபாயம்: பல லாண்ட் ரோவர்களில் கதவு ஒன்று திறந்திருந்தால் கணினி உயரத்தை மாற்றாது. கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு தேடுங்கள்.

அடியில் போகாதீர்கள்

காற்றில் நிற்கும் வாகனத்தின் அடியில், அது எவ்வளவு உயரத்தில் நின்றாலும், தலையையோ கையையோ விடக்கூடாது. குழாய் ஒன்று கழன்றால் இரண்டரைத் தொன் நிறை ஒரு நொடியில் இறங்கும். கத்துவதற்குக்கூட நேரம் கிடைக்காது. சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையே கையை விடுவதும் இதே கணக்குத்தான்; விரல் போகும்.

ஜக் போட்டு உயர்த்தினால் போதாது. மணலில் ஜக் புதையும், சரியும். ஜக்கின் கீழே அகலமான பலகை வேண்டும். சல்லியில் இதற்குக் கஷ்டமில்லை, மீன்வாடிகளில் கேட்டால் கிடைக்கும். “அண்ணே, வாகனம் குந்திட்டுது, பலகைத் துண்டு ரெண்டு தருவீங்களா?” என்றால் பலகையோடு நாலு பேரும் சேர்ந்து வருவார்கள். அவர்கள் அன்றாடம் வள்ளத்தையும் வலையையும் மணலில் இழுப்பவர்கள், பாரத்தை எங்கே கொடுக்க வேண்டும் என்று உங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனால் ஆர்வத்தில் யாராவது படுத்து அடியில் எட்டிப் பார்க்கப் போவார். அவரைத் தடுப்பது உங்கள் பொறுப்பு. சட்டகத்தின் கீழே கட்டை அடுக்கி, வாகனத்தின் பாரம் ஜக்கிலிருந்து கட்டைக்கு இறங்கிய பிறகுதான் எந்த வேலையும்.

இன்னொன்று: காற்றே இல்லாத பலூனின் மேல் முழுப் பாரத்தையும் இறக்காதீர்கள். றப்பர் தப்பான இடத்தில் மடிந்து, இரும்புக்கிடையே கடிபட்டு, நல்ல பலூனும் கிழியும். கட்டையில் நிற்கும்போதே கொஞ்சம் காற்று ஏற்றி மடிப்பைச் சீராக்கிவிட்டு இறக்குங்கள்.

எந்த மூலை?

ஒரே மூலை குந்தியிருந்தால் அந்த மூலைதான் என்று நினைப்போம். பல நேரம் சரியாகவும் இருக்கும். ஆனால் இரவு முழுக்க நிறுத்திவைத்த வாகனத்தை நம்பாதீர்கள். திருவிழா நாட்களில் கோவிலுக்கு வந்து இரவு தங்குகிறவர்கள் விடியற்காலையில் பார்த்தால் நான்கு மூலையும் ஒரே அளவில் இறங்கியிருக்கும், “நாலு பலூனும் போச்சே” என்று தலையில் கை வைப்பார்கள். போனது ஒன்றுதான். நிறுத்திய வாகனத்தின் கணினி சில மணித்தியாலத்துக்கு ஒரு தரம் விழித்து, எந்த மூலை தாழ்ந்திருக்கிறதோ அந்த மட்டத்துக்கு மற்ற மூன்றையும் இறக்கிச் சமப்படுத்தும். வாகனம் சாய்ந்து நிற்கக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. குற்றவாளியையும் சேர்த்து மறைத்துவிடுகிறது.

உண்மையை அறிய வேண்டுமென்றால் இரவு நிறுத்தும்போதே அந்தக் கணினி பியூஸைக் கழற்றுங்கள். ஒவ்வொரு சில்லின் நடுவிலிருந்து மேலே மட்காட் விளிம்புவரை அளந்து, விளிம்பில் ஒட்டிய டேப்பில் எழுதிவையுங்கள். காலையில் திரும்ப அளந்தால் இறங்கிய மூலை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். வாகனம் நல்ல நிலையில் இருக்கும்போது இந்த நான்கு அளவையும் எடுத்து கைநூலின் முதல் பக்கத்தில் குறித்துவைத்தால், பிறகு காற்று ஏற்றும்போதும் அதுவே உதவும்.

மூலை தெரிந்ததும் சவர்க்காரத் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து தெளிக்கிற போத்தலில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் குழாய் பலூனோடு சேரும் இடம், பிறகு பலூனின் கீழ் மடிப்பு. சில்லு மேலும் கீழும் போகும்போது றப்பர் சுருண்டு விரிகிற இடம் அதுதான், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். மணலும் அந்த மடிப்பில்தான் சேர்ந்து அரைக்கும். பெரிய கசிவு பொங்கி நுரைக்கும். சின்னக் கசிவு ஒரே இடத்தில் மெல்ல வெண்மையாகத் திரளும். ஒரு நிமிடமாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நுரை எங்குமே வரவில்லை, வாகனமும் காற்றை விடவில்லை, ஆனால் விளக்கு எரிகிறது, ஒரு மூலை ஏறுமாறாக நிற்கிறது என்றால் உயர உணரியைச் சந்தேகியுங்கள். கடல் உப்பு அதன் இணைப்பியில் பச்சை பிடிக்க வைக்கும். சில சமயம் அதன் சின்னக் கைத்தடி தடியிலோ கல்லிலோ பட்டுக் கழன்றிருக்கும். கழன்ற கைத்தடியைத் திரும்ப அழுத்தி மாட்டினாலே பாதி வழக்கு முடிந்துவிடும்.

காற்றை ஏற்றி நகரம் சேர்தல்

கசிவு குழாயில் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. வெளி விட்டம் பெரும்பாலும் 6 மில்லிமீற்றர் கொண்ட நைலோன் குழாய் அது. பழுதான துண்டைக் கூரிய பிளேட்டால் நேராக வெட்டி எடுத்துவிட்டு, தள்ளிச் செருகும் இணைப்பு ஒன்றைப் போட்டால் போதும். கத்தரிக்கோலால் வெட்டினால் முனை நசுங்கும், இணைப்பு பிடிக்காது. இந்த இணைப்புக்கு லாண்ட் ரோவர் கடை தேட வேண்டாம். பஸ், லொறிகளின் எயார் பிரேக்குக்கும் இதே மாதிரி நைலோன் குழாய்கள்தான் ஓடுகின்றன, ஆகவே லொறிச் சாமான் விற்கும் கடையில் பழைய குழாய்த் துண்டைக் காட்டிக் கேளுங்கள். இரண்டு இணைப்பும் ஒரு மீற்றர் குழாயும் எப்போதும் வாகனத்தில் கிடக்கட்டும்.

பலூனில் என்றால் ஒட்டுப்போட நினைக்காதீர்கள். சைக்கிள் ரியூப்பைச் சுற்றிக் கட்டுவது, பஞ்சர் ஒட்டு, பசை எல்லாம் பார்த்தாயிற்று. மடிந்து விரிகிற றப்பரில் எதுவும் நிற்காது. மெல்லக் கசிகிற பலூனை நிரப்பி, அது இறங்குவதற்குள் நகரம் போய்ச் சேர்வதுதான் நடைமுறை. அதற்கு டயருக்குக் காற்றடிக்கும் வால்வு பொருத்திய குழாய்த் துண்டு ஒன்று வேண்டும். சிலர் நான்கு குழாயிலும் இதை நிரந்தரமாகப் பொருத்திவைக்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. ஒவ்வொரு இணைப்பும் நாளைக்கு இன்னொரு கசிவு. தனியாகச் செய்து பையில் வைத்திருந்து, தேவைப்படும்போது வால்வுப் பெட்டியிலிருந்து அந்த மூலைக் குழாயைக் கழற்றி அதில் செருகுவது மேல். கழற்றும் கணத்தில் மிச்சக் காற்று போய் அந்த மூலை விழும். அதனால்தான் முதலில் கட்டை.

டயரில் போடுகிற 35 பிஎஸ்ஐ இங்கே காணாது. பலூனுக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு, சில வாகனங்களில் அதற்கு மேலும் வேண்டும். பட்டரியில் ஓடும் தரமான டயர் பம் ஒன்று இதைச் செய்யும், ஆனால் மூச்சு வாங்கும். எண்ணைப் பார்த்து அடிக்காதீர்கள், குறித்துவைத்த உயரத்தைப் பார்த்து அடியுங்கள். மற்ற மூலைகளோடு சமமானதும் நிறுத்துங்கள். மணலுக்காக டயரில் இறக்கிய காற்றையும் இதே பம்தான் திரும்ப ஏற்ற வேண்டும், ஆகவே நடுவில் அதை ஆறவிடுங்கள்.

காற்று நிற்கவே இல்லையென்றால் ஒரு மூலை விழுந்து மூன்று மூலை உயர்ந்த வாகனத்தை ஓட்டாதீர்கள். மற்றவற்றையும் இறக்கிவிடுங்கள். நான்கும் தடுப்பு றப்பரில் குந்தி நின்றால் எலும்பு குலுங்கும், ஆனால் வண்டி நேராகப் போகும். பி38இன் திரையில் 35 மைல் எல்லை வரும், டிஸ்கவரி 3 மணிக்கு 50 கிலோமீற்றர் என்று சொல்லும். அது தார் வீதிக்கான உச்சம். சாம்பல்தீவு உள்வீதியில் 20க்கு மேல் போக வேண்டாம். புறப்படுமுன் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயர் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். ஆட்களையும் சாமான்களையும் முச்சக்கர வண்டியில் அனுப்பிவிடுங்கள்.

பிராடோவின் பின்பக்கமும் பி38உம் முழு அச்சு உள்ளவை. அவற்றில் அச்சுக்கும் சட்டகத்துக்கும் இடையே பனங்கட்டை ஒன்றை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி ஓட்டும் பழைய வழி உண்டு. குந்திய பிராடோ இப்படி நகரம் வரலாம், கட்டை நழுவுகிறதா என்று வழியில் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். டிஸ்கவரி 3இல் ஒவ்வொரு சில்லும் தனித்தனியாக அசைவதால் கட்டைக்கு ஒழுங்கான இருக்கை கிடையாது. முயலாதீர்கள்.

நகரம்வரை சரி. இந்த நிலையில் கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புக்கு ஓட்டிவிடலாம் என்று யாராவது துணிவு தந்தால் கேட்காதீர்கள். 250 கிலோமீற்றருக்கு மேல். இருட்டிய பிறகு ஹபரணைப் பக்கம் வீதியில் யானை நிற்கும், குந்திய வாகனத்தில் சட்டென்று ஒதுங்கவும் முடியாது. பாரவண்டி பிடித்து ஏற்றுங்கள். ஏற்றும் சாய்பலகையில் அடிவயிறு தட்டாமல் பலகை கொடுக்க வேண்டும். கட்டும்போது சட்டகத்தில் கட்டவே கூடாது, சில்லுகளைச் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள். வழியில் காற்று இறங்கினால் சட்டகத்தில் கட்டிய பட்டி தளர்ந்து வாகனம் ஆடும்.

கராஜில்

கராஜ்காரரிடம் முதல் கேள்வியாக, ஸ்கான் செய்யும் கருவி உங்கள் வாகனத்தின் சஸ்பென்ஷனைப் படிக்குமா என்று கேளுங்கள். எஞ்சினை மட்டும் படிக்கும் மலிவுக் கருவி இங்கே பிரயோசனமில்லை. சாமான் பஞ்சிகாவத்தையில் வாங்குவதாக இருந்தால், கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னால் காலையில் திருகோணமலையில் எடுக்கலாம். கழற்றி விற்கும் பழைய பலூனை மட்டும் வாங்காதீர்கள். உங்களுடையதைப் போலவே வயது போன றப்பர்தான் அது. பழைய வால்வுப் பெட்டி, உணரி, தாங்கி வாங்கலாம்.

பலூனை மாற்றும்போது அதே அச்சின் மறுபக்கத்தையும் சேர்த்து மாற்றுங்கள். கொம்பிரசரின் உலர்த்தியைத் திறந்து சிலிக்கா மணிகளையும் புதுப்பியுங்கள். கசிவின்போது அது தன் தகுதிக்கு மேல் ஈரத்தைக் குடித்திருக்கும், விட்டுவைத்தால் அந்த ஈரம் வால்வுப் பெட்டிக்குள் போய்ப் பூக்கும். உணரியைத் தொட்டிருந்தால் உயரத்தைத் திரும்ப அளவுதிருத்தம் செய்யாமல் வாகனத்தை எடுக்காதீர்கள். சல்லியிலிருந்து திரும்பிய ஒவ்வொரு தடவையும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், பலூனின் மடிப்புகளில் மணல் போகும்வரை. அழுத்தக் குழாயை உணரி இணைப்பிகளுக்கு நேரே பிடிக்க வேண்டாம்.

வெறுத்துப்போய் சுருள் வில்லுக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்கிறவர்கள் உண்டு. பின்பக்கம் மட்டும் காற்றுள்ள பிராடோவுக்கு இது நல்ல முடிவு, வேலையும் குறைவு. டிஸ்கவரி 3இல் நான் இதைச் சொல்லமாட்டேன். உயரத்தை மாற்றும் வசதிதான் அந்த வாகனத்தின் பாதி மதிப்பு, மணல், சேறு என்று தெரிவுசெய்யும் ஓட்டமுறைகளும் அதையே நம்பியிருக்கின்றன. எப்படியும் மாற்றுகிறீர்கள் என்றால் கழற்றிய கொம்பிரசர், வால்வுப் பெட்டி, கணினி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் கட்டி வீட்டில் வையுங்கள். நாளைக்கு வாகனத்தை வாங்க வருகிறவர் விலை பேசுமுன் அந்தப் பெட்டியைத்தான் கேட்பார்.